முன் பலகைக்கு அடியில் நான்கு ஈயக்கட்டிகள்

பல் பிடுங்குவதற்காக ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்தான் எல்லாம் வந்தது என்று தராசு இரண்டு வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பல்லின் மேல் பழி போடுவது எளிது. அது திருப்பிப் பேசாது.

துறைமுக நுழைவாயிலில் மிதக்கும் விளக்குகளைப் பழுதுபார்க்கும் படகில் அவர் தளத் தொழிலாளி. வயது ஐம்பத்து மூன்று. படகின் பின்புறம் வளைந்த இரண்டு இரும்புக் கைகள் கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். விளக்குகளின் அருகே பெரிய படகு போகமுடியாது என்பதால் ஆட்களை ஏற்றிச் செல்ல ஒரு குட்டிப் படகு உண்டு. வேலை முடிந்ததும் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி அந்தக் கைகளில் தொங்கவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கைக்கும் கயிறு சுற்றித் தூக்கும் விஞ்சு ஒன்று இருந்தது. ஒன்று பழுதானபோது, ஒரே கயிற்றை இரண்டு கைகளின் கப்பிகளிலும் ஓட்டி, மிச்சமிருந்த விஞ்சில் சுற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து குட்டிப் படகின் எந்த முனை கனமோ அது இறங்கும், மற்றது ஏறும். பெட்ரோல் கேனையும் நங்கூரத்தையும் முன்னால் நகர்த்தி, என்ஜின் இருக்கும் பின் முனைக்கு ஈடு கட்டி, படகை மட்டமாக ஏற்றக் கற்றுக்கொண்டவர் அவர்தான். பெயர் அப்படி வந்தது. கோபம் வந்தால் அவர் மனைவியும் அந்தப் பெயரைத்தான் சொல்வாள்.

மூன்று வருடத்துக்கு முன் குட்டிப் படகுக்குப் புது என்ஜின் வந்தது. பழையதைவிடக் கனம். கேனும் நங்கூரமும் போதவில்லை. கடலடியில் முங்குகிறவர்கள் இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகள் நான்கை அவர் எங்கிருந்தோ தேடிப்பிடித்து, சாக்கில் சுற்றி, முன் பலகைக்கு அடியில் வைத்தார். படகு நூல் பிடித்தாற்போல ஏறியது.

இதைக் கேப்டனிடம் சொல்லியிருந்தால் அங்கேயே ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் தூக்கியிருக்கலாம். அதற்குத்தான் அவர் பயந்தார். இதற்கு முன் இரண்டு இடங்களில் வேலை பார்த்தவர். மூட்டை இறக்கிய இடத்தில் இயந்திரம் வந்தது. கிடங்கு வாசலில் கேமரா வந்தது. இரண்டு இடத்திலும் “நீ நல்ல ஆள்தான்” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நல்ல ஆளாக இருப்பது எதற்கும் உதவாது, இல்லாமல் முடியாத ஆளாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஆகவே விடுப்பு எடுக்கும்போதெல்லாம் ஈயத்தை எடுத்துத் தன் தகரப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போவார். அன்று குட்டிப் படகைத் தூக்க முடியாமல், பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்வார்கள்.

“நீ ஒரு நாள் இல்லேன்னா குட்டி அழுவுது அண்ணே,” என்பார் என்ஜின்காரர் மறுநாள். “எங்க யார் கைக்கும் அடங்க மாட்டேங்குது.”

அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்வார். அவள் தம்பியையும் அதே படகில் சேர்த்துவிட்டிருந்தார். தம்பி சாப்பிட்டுக்கொண்டே, “மாமாகிட்ட ஏதோ மந்திரம் இருக்கு அக்கா, கேட்டா சிரிக்கிறாரு,” என்பான்.

பல் பிடுங்கிய அன்று மதியம் கடல் கிளம்பிவிட்டது. குட்டிப் படகைக் கட்டி இழுக்க முடியாத அலை. தூக்கித்தான் ஆகவேண்டும். இரண்டு முறை முயன்றார்கள், இரண்டு முறையும் பின்பக்கம் சரிந்தது. மச்சினன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முன்னாடி கனம் பத்தல, அவ்வளவுதான் விஷயம்,” என்றான். குட்டிப் படகுக்குள் இறங்கி முன் பலகையில் போய் உட்கார்ந்தான். விஞ்சைச் சுற்றினார்கள். படகு மட்டமாக ஏறியது. தளத்தின் உயரத்துக்கு வந்த சமயம் ஓர் அலை புரட்டியது. அவன் பிடி நழுவிப் பின்னால் சறுக்கினான். கனம் அந்தப் பக்கம் போனதும் கயிறு ஓடியது, முன் முனை வானத்துக்கு எழும்பியது, அவன் பெரிய படகின் பக்கத்து ஏணியின் இரும்புப் படியில் முதுகு பட விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

தூக்கும்போது படகுக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது விதி. விதியை மீறியவன் அவன். விசாரணையில் அப்படியே எழுதிவிட்டால் நிறுவனம் அவனைக் கைகழுவிவிடும், அது பணம் கட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில் உட்பட.

தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே இருந்த மனைவிக்குத் தராசு தினமும் சாப்பாடு எடுத்துப் போனார். கட்டில் அருகே நின்றார். “நான்தான் மாமா முட்டாள்தனம் பண்ணிட்டேன்,” என்றான் மச்சினன், ஒவ்வொரு நாளும். அவர் தட்டைக் கழுவப் போய்விடுவார். குழாயடியில் நின்று கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவார். சொன்னால் வேலை போகும், வீடும் போகும். சொல்லாவிட்டால் அவன் போவான். இரவும் பகலும் இந்தக் கணக்கைப் போட்டார். ஒரு பக்கத்தில் தன்னையும் வைத்துக்கொண்டு எடைபோடுகிறவனுக்கு முள் நேராக நிற்காது.

விசாரணை அதிகாரி ஒரு திங்கட்கிழமை காலை படகுக்கு வந்தார். தூக்கும் ஏற்பாட்டில் குறை இல்லை என்று காட்ட வேண்டும். கேப்டன் தராசின் தோளில் தட்டி, “நம்ம ஆளு தூக்கட்டும் சார். அப்புறம் நீங்களே சொல்லுங்க,” என்றார். அதிகாரிக்கு டீ வந்தது. அது ஆறும்வரை அவகாசம்.

தராசு தகரப் பெட்டியைத் திறந்து, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு குட்டிப் படகில் இறங்கினார். சாக்கோடு அவர் இறங்குவது யாருக்கும் புதிதில்லை. முன் பலகையின் கீழ் இரண்டு கட்டிகளை வைத்தார். மூன்றாவதை எடுத்தபோது கை நின்றுவிட்டது. பலகையின் ஓரத்தில் மரம் பிளந்து நார் நாராக நின்றது. சறுக்கும்போது மச்சினன் நகங்களால் பிடித்த இடம். தராசு அந்த நார்களை விரலால் தடவினார். பிறகு நான்கையும் சாக்கில் போட்டு மேலே ஏறி வந்து, அதிகாரியின் காலடியில் வைத்தார்.

“இது என்ன?”

“முதல்ல இது இல்லாம தூக்குறேன் சார், பாருங்க.”

விஞ்சைச் சுற்றினார். பின் முனை தொங்கியது. இறக்கி, ஈயத்தை வைத்துத் தூக்கினார். மட்டமாக நின்றது.

“அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?”

“என் பெட்டியில. பூட்டி வெச்சிருந்தேன்.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்.”

“ஏன்யா?” என்று மட்டும் கேட்டார் கேப்டன். தராசு காரணத்தைச் சொன்னார். சொல்லும்போது அது அவருக்கே சின்னதாகத் தெரிந்தது. என்ஜின்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். இதைத் துணிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம். இரண்டு வாரம் தாமதமாக வந்த ஒன்றுக்கு அந்தப் பெயர் பெரிது.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். சாப்பாடு கொண்டுபோகவில்லை. இருவருக்கும் முன்னால் நின்று, விட்டுப்போகாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

மச்சினன் கூரையைப் பார்த்தபடி இருந்தான். “நான் உக்காந்ததும் மட்டமா ஏறுச்சு மாமா. உன் மந்திரம் எனக்குப் புடிபட்டுடுச்சுன்னு நெனச்சேன். நாளைக்கு வந்து உன்னைக் கிண்டல் பண்ணணும்னு இருந்தேன்.”

“எத்தனை வருஷமா?” என்றாள் மனைவி.

“மூணு.”

“குட்டி அழுவுதுன்னு வந்து சொல்லுவீங்களே. நானும் சிரிச்சேனே.”

“வேலை போயிடும்னு...”

“இப்ப?”

“போயிடுச்சு. இவன் மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்க. கட்டிலை எடுக்க மாட்டாங்க.”

அவள் கையை நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை.

“வீட்டுச் சாவி.”

“அக்கா, விடு,” என்றான் தம்பி.

“நீ பேசாம படு.”

அவர் சட்டைப்பையில் தேடி, பிறகு இடுப்பில் தேடி, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்க்காமலேயே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாசலை அடைந்தபோது பின்னாலிருந்து மச்சினன் குரல் வந்தது. “மாமா. நாளைக்கு வா. இங்க எனக்குத் திட்டுறதுக்கு வேற ஆள் இல்ல.”

அவள் மறுத்து எதுவும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பார்வையாளர்களை விடுவது நான்கு மணிக்கு. மறுநாள் ஒரு மணிக்கே அவர் வந்து, கதவுக்கு வெளியே சுவரோரமாக நின்றிருந்தார்.