வலப்பக்கக் கதவு

டிக்கோயாவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் மீனம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு திமிரு ஆகாதுங்கக்கா. தொரையக் கண்டதும் கார விட்டு எறங்கியிருந்தா, இன்னைக்கும் தோட்டத்துல பெரிய வீட்டுல ராணி மாதிரி இருந்திருப்பீங்க."

நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். ஒன்பது வருசமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் என் வீட்டுக்காரர் பொன்னையா எப்படிப்பட்ட ஆள், அந்தக் காரை அவர் என்ன பாடு படுத்தினார், அது என்னை என்ன பாடு படுத்தியது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

என் மாமனார் பழனியாண்டி ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியாக இருந்தவர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து ஒரு சின்ன ஆஸ்டின் கார் வாங்கினார். அதற்கு இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டுமானால் முன் சீட்டை மடித்துக்கொண்டு நுழைய வேண்டும். நான் மருமகளாகப் போன இரண்டாம் வருசம், 1949இல், அவர் செத்துப்போனார். கார் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. அந்த முட்டை மட்டும்தான் அந்தக் காரால் எனக்குக் கிடைத்த லாபம்.

பொன்னையா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பொழுதெல்லாம் மலையில் ஆட்களை அதட்டிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் போல. அவருக்கு வேலை இருந்ததால்தான் அந்தப் பெரிய வீட்டில் எங்களை விட்டுவைத்திருந்தார்கள். சுவரில் அடித்த ஆணிகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

1951ஆம் வருசம் ஆடி மாதம். மழை விடாமல் கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனுசன் கோழிகளை விரட்டிவிட்டுக் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். உடனே தரைப்பலகை ஒடிந்து இரண்டு காலும் சாணிக்குள் இறங்கின. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு வருசம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முதலில் போனது என் மீன் சட்டி. துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட அவருக்கு வேறு பாத்திரம் கிடைக்கவில்லையாம்.

"ஏங்க, அது நான் கொழம்பு வைக்கிற சட்டிங்க!"

"வேற சட்டி வாங்கிக்க."

"நான் வேற சட்டி வாங்கிக்கிறேன். நீங்க வேற பொண்டாட்டி வாங்கிக்கங்க."

அவர் சட்டிக்குள் விரலை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்.

தரைக்குப் பலகை வேண்டியிருந்தது. இஸ்டோரில், அதுதான் தேயிலை அரைக்கிற ஆலையில், உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டிகளை டீமேக்கரிடம் கேட்டு எடுத்து வந்தார். பெட்டிப் பலகையில் தோட்டத்தின் பெயர் கறுப்பு எழுத்தில் பதிந்திருந்தது. எழுத்து அடிப்பக்கம் போகும்படி அறைந்தார். பெட்டிக்குள் ஈயத்தகடு வைத்துப் பற்றவைக்கிறவனிடம் வேலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஓட்டை விழுந்த ரேடியேட்டரைத் தானே பற்றவைத்தார். பற்றவைக்கிற இரும்பைக் காய்ச்சியது என் அடுப்பில். அன்றைக்குச் சோற்றில் ஈய வாடை. கிடைக்காத சாமான்களை ஹட்டனில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ராசிக்கிடம் சொல்லிவைப்பார். கடைக்குப் போனால் ராசிக், "தங்கச்சி, இவரு ஒங்களவிட அந்த எஞ்சினத்தான் நெனச்சிக்கிட்டிருக்காரு" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எஞ்சினைக் கழற்றி முன்னறையில் சாக்கு விரித்து வரிசையாக அடுக்கினார். ஒரு மாதம் அந்த அறையை நான் கூட்டக் கூடாது என்றார். வேண்டுமென்றே ஒரு நாள் கூட்டினேன். ஒரு சின்ன ஸ்பிரிங் காணாமல் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. குப்பைக் குழிக்குள் இறங்கி இரண்டு நாள் மண்ணைச் சலித்து அதை எடுத்தார். திட்டியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

கடைசியாகச் சீட்டு. எலி தின்ற சீட்டுக்குள் அடைக்க என் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை எடுத்துக்கொண்டார். அது நான் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த தலையணை. அன்றைக்குத்தான் நான் கத்தினேன்.

"எதுக்குங்க இந்தக் கூத்து? ஹட்டனுக்கு பஸ் ஓடலயா?"

செங்கல் துண்டால் மட்கார்டில் இருந்த துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். நாலு வருசத்தில் அவர் அத்தனை பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. நானும் அப்பாவும் ஹட்டன்லேர்ந்து இந்தக் கார்ல வந்துக்கிட்டிருந்தோம். நல்ல மழை. இஸ்டோருக்குக் கீழ வளைவுல தொரை காரு வந்துச்சு. அப்பா கார ஓரங்கட்டிட்டு எறங்குனாரு. தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள நின்னாரு. என்னையும் எறங்கச் சொன்னாரு. எறங்குனேன். தொரை திரும்பிக்கூடப் பாக்கல. அந்தக் காரு கெளப்புன சேறு அப்பா மூஞ்சியில அடிச்சிச்சு. சொந்தக் காரு புள்ள. நனையாம போகத்தான காரு?"

தோட்டத்து வழக்கம் அதுதான். துரையைக் கண்டால் குடையைச் சுருக்க வேண்டும், தலைத்துணியை எடுக்க வேண்டும், சைக்கிளில் வருகிறவன் இறங்க வேண்டும், எல்லோரும் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் கார் வைத்திருந்த ஒரே தமிழன் என் மாமனார். அவரும் அப்படித்தான் நின்றிருக்கிறார்.

"ஒரே ஒரு தடவ எறங்காம போகணும்," என்றார்.

"போனா வேல போயிரும். வீடு போயிரும். எங்க போயி நிப்போம்?"

அவர் திரும்பவும் துருவைத் தேய்க்க ஆரம்பித்தார்.

1955 சித்திரை வருசப்பிறப்பன்று வண்டி தயாராகிவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஹட்டன் கோயிலுக்குப் போய்ப் பூசை போட்டுவிட்டுத் திரும்பினோம். இஸ்டோருக்குக் கீழே, அதே வளைவில், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் கறுப்புக் கார் வந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் வண்டி ஓரமாக நிற்கிறது, என் பக்கத்தில் ஆள் இல்லை. கானுக்குள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். கார் போனது. துரை திரும்பிப் பார்க்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீடு தப்பியது.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் கொட்டகையில் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து நாலு போல்ட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"என் காலு என் பேச்சக் கேக்கல. தொரையக் கண்டதும் அதுபாட்டுக்கு எறங்கிருச்சி. இனிமே இந்தக் கதவு தொறக்காது."

"அப்ப எப்படி ஏறுவீங்க?"

"ஒன் பக்கமா."

அன்றிலிருந்து என் பக்கத்துக் கதவு வழியாக முதலில் அவர் புகுந்து, அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவார். பிறகு நான் ஏற வேண்டும். இறங்கும்போது முதலில் நான் இறங்கினால்தான் அவர் இறங்க முடியும். கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தனியாகப் போனால் என் பக்கமாக இறங்கிவிடலாம் என்று பயந்து, அந்த மனுசன் நான் இல்லாமல் வண்டியை எடுப்பதே இல்லை. என்னைத் தாழ்ப்பாளாக வைத்துக்கொண்டார்! பெண்டாட்டியை ஆசையாகக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார் என்று கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சொல்லிட்டேன். தொரை வந்தா நான் எறங்கிருவேன். என்னை நம்பி ஏத்தாதீங்க."

"எறங்கிக்க," என்றார்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். நாலு வருசத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மீன் சட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். அதை மடியில் வைத்திருந்தேன். இஸ்டோர் வாசலில் கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வளைவில் கறுப்புக் கார்.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். எதிரே அந்தக் காரும் நின்றது. யாரும் இறங்கி நிற்காததைப் பார்த்துத் துரை காத்திருந்தார். ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். நிறுவைக் கூடை தரையில் வைத்தது வைத்தபடி, பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன். அதுதான் உண்மை. இறங்கத்தான் போனேன். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் அவர் குரல்.

"எறங்கு புள்ள."

திரும்பிப் பார்த்தேன். தொப்பி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. முகம் வேர்த்து ஒழுகியது.

"சீக்கிரம் எறங்கு புள்ள. நான் எறங்கணும். ஒன்னையக் கும்புடுறேன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! நாலு வருசம். என் சட்டி, என் அடுப்பு, என் தலையணை. நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்குள் இருந்தது என் தாய்வீட்டுப் பஞ்சு. இவ்வளவையும் நாசமாக்கியது, மறுபடியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கானுக்குள் போய் நிற்கவா? துரை மேல் எனக்கு அந்த நேரத்தில் கோபமே இல்லை. எல்லாம் இந்த மனுசன் மேல்தான்.

கதவிலிருந்து கையை எடுத்துச் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எறங்க மாட்டேன்."

"புள்ள, வீடு போயிரும் புள்ள..."

"போகட்டும். தொப்பியப் போட்டுக்கிட்டு ஓட்டுங்க."

அவர் என்னைத் தாண்டிக் கதவைப் பிடிக்கப் பார்த்தார். முழங்கையால் ஓங்கி இடித்தேன். அதன் பிறகுதான் வண்டியை எடுத்தார். தொப்பியைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டார். இரண்டு வண்டியும் ஒரு முழ இடைவெளியில் உரசுவதுபோல் கடந்தன. அன்றைக்குத்தான் துரை திரும்பிப் பார்த்தார். அவர் கண் பச்சை நிறம். நானும் பார்த்தேன்.

திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் கொட்டகைக்குத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பத்துச்சீட்டு வந்துவிட்டது, வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று என்று. தோட்டத்தின் பெயர் பதித்த பெட்டிப் பலகைகளைத் திருடினாராம். கேட்டு எடுத்தது டீமேக்கருக்குத் தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. தொழிற்சங்கத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லச் சொல்லி நாலைந்து பேர் வந்து கெஞ்சினார்கள். இவர் போகவில்லை. போனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

அதற்குள் லயமெல்லாம் பேச்சாகிவிட்டது, பொன்னையா துரையைக் கண்டும் இறங்காமல் போனார் என்று. சிலர் திமிர் என்றார்கள். சிலர் ஆண்பிள்ளை என்றார்கள். ஒரு கிழவர் வீடு தேடி வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்.

கிழவர் போன பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நீ எறங்கியிருக்கலாம்."

"நீங்க கதவ அடைக்காம வச்சிருக்கலாம்."

இப்போது டிக்கோயாவில் அதே காரை வாடகைக்கு ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பட்டையைப் பார்த்து ஏன் என்று கேட்கிறார்கள். கதவு பழுது என்று சொல்கிறார். நாலு போல்ட்டுத்தான், கழற்றக் கால் மணி நேரம் ஆகாது. அவர் கழற்றவில்லை, நானும் கழற்றச் சொல்லவில்லை.