கறுக்காத தோடு

போன கிழமை என் மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உம்மா, வெள்ளியா எடுக்க, தங்க முலாம் பூசினதா எடுக்க? கெதியாச் செல்லுங்க." படத்தில் இரண்டு சோடித் தோடுகள் மின்னின. இதே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அன்றைக்கோ, "ஒனக்குப் புடிச்சத எடு மகள்" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். எங்கிருந்தோ பற்பொடி மணத்தது.

கல்முனை பஸாரில் என் மாமாவுக்கு, அதாவது உம்மாவின் தம்பிக்கு, ஒரு சின்னக் கடை இருந்தது. அசல் தங்கம் கிடையாது. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் நாங்கள் 'கில்ட்' என்று சொல்கிற முலாம் பூசிய நகை. பள்ளிச் சோதனையில் கோட்டைவிட்டு வீட்டில் கிடந்த என்னை, "பொம்புளையளுக்குப் பொம்புளதான் காட்டணும்" என்று மாமா கொண்டுபோய் நிறுத்தினார். காலையில் முதல் வேலை, கறுத்த வெள்ளியைப் பற்பொடி போட்டுத் தேய்ப்பது. மத்தியானம் சோற்றைப் பிசைந்தாலும் விரலில் அந்த இனிப்பு வாசம்தான்.

எங்கள் மார்க்கத்தில் ஆண்களுக்குத் தங்கம் ஆகாது, அதனால் மாப்பிள்ளைமாருக்கு வெள்ளி மோதிரம். பெண்கள் அசல் மாலைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு கில்ட்டைக் கலந்துகொள்வார்கள். "ஆருக்குகா தெரியப்போகுது?" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்குத் தெரியுமே! கலியாண வீட்டில் மணமகளின் கழுத்தைப் பார்க்காமல் புரியாணியையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகியிருந்தேன்.

புஷ்பம் அக்கா கடற்கரையோரத் தமிழ்க் கிராமத்துக்காரி. புருசன் கடலுக்குப் போகிறவர். பிடித்துவரும் மீனை அக்கா சந்தையில் விற்பார். கூடையை இறக்கி, கையைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்த பிறகுதான் எங்கள் கடைப் படியில் கால் வைப்பார். அந்த மார்கழியில் மூத்த மகள் கலாவைக் கூட்டிவந்தார். அம்மாவின் கண் வெள்ளியில் இருந்தது. தோட்டின் பின்பக்கம் அசல் வெள்ளி என்பதற்குப் பொடியாக வெட்டியிருந்த 925 முத்திரையைக் காட்டினேன்.

"வெள்ளி கிழடுகள் போடுறதம்மா" என்றாள் கலா. சிவப்புக் கல் வைத்த கில்ட் பூத்தோடு ஒன்றை மாட்டி, கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எந்த முத்திரை நிற்கும்?

"குளிக்கக்குள்ள கழட்டி வை. உப்புப் பட்டா கறுக்கும்" என்றேன்.

"நான் கழட்டவே மாட்டன் அக்கா."

அந்த மாதம் பஸாரில் போன பெட்டைகளில் பாதிப்பேரின் காதில் அதே பூத்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. அதை விரித்து எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது. வயலுக்குள்ளால் மேற்கே ஓடினோம். சம்மாந்துறைச் சனங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டு, சோறாக்கிக் கொண்டுவந்து தந்தார்கள். மாமாவின் மனைவி, எங்கள் மாமி, வரவில்லை. மறுநாள் இடிந்த மதிலுக்குக் கீழே, விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைப் பார்த்து மாமாதான் கண்டெடுத்தார். அன்று பின்னேரமே மையவாடியில் அடக்கிவிட்டோம்.

வீட்டில் இருக்க முடியாமல்தான் மாமா கடையைத் திறந்தார். பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பார். நான் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் புஷ்பம் அக்கா வந்தார். சின்னவள் ரதியோடு சந்தையில் நின்றதால் அவர்கள் இருவரும் தப்பியிருந்தார்கள். புருசன் நடுக்கடலில் நின்றதால் தப்பினார். கலா வீட்டில் இருந்திருக்கிறாள்.

"ஆசுபத்திரி முத்தத்தில வரிசையா வளத்தியிருந்தாங்க தங்கச்சி. முகத்தப் பாத்து ஒண்டும் தெரியல்ல. காதத்தான் பாத்தன். ஒரு பிள்ள, கலாட உசரம். அதே பூ. ஆனா கறுப்பு. என்ட பிள்ளைட தோடு பளிச்செண்டு இரிக்கும் எண்டு தாண்டிப் போயிற்றன். அண்டைக்கே எல்லாரையும் ஒரே குழியில தாட்டுப்போட்டாங்க."

கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கறுக்கும் எண்டு சொன்னீங்க. அவ்வளவு கெதியாவா? ரெண்டு நாள் உப்புத் தண்ணிலயும் சேத்திலயும் கிடந்தா கறுத்திருமா?"

எனக்கு விடை தெரியும். கையில் இருந்த வெள்ளியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பின்னால் கதிரை நகரும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து வந்தார்.

"கறுக்காது புள்ள" என்றார். "ரெண்டு நாள்ல கறுக்கிற சாமான நான் விக்கிறல்ல. அது ஒங்கட மகள் இல்ல."

புஷ்பம் அக்கா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு குலுங்கி அழுதார். அழுகை முடிந்ததும், ஏதோ சாமானை வாங்கிக்கொண்டு போகிறவர்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

"மாமா, என்னத்துக்கு அப்படிச் சென்னீங்க?"

"நான் தேடிக் கண்டெடுத்தவன் மகள். இந்தக் கையாலதான் மண் போட்டன். அதுக்குப் பொறகு எனக்குத் தேடுறதுக்கு ஒண்டுமில்ல. அவளாவது தேடட்டும்."

அது இரக்கமா கொடுமையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மீதிப் பூத்தோடுகளை அலுமாரியின் அடித்தட்டில் தள்ளிவைத்தேன். யாருடைய காதையும் தொடாமலேயே, கடற்காற்றில் ஒவ்வொன்றாக அவை கறுத்தன. அந்தத் தட்டைத் திறக்க நேரும்போதெல்லாம் யாரோ என்னைப் பார்ப்பதுபோல இருக்கும்.

புஷ்பம் அக்கா தேடினார். அகதி முகாம்கள், மட்டக்களப்பு ஆசுபத்திரி, அநாதைப் பிள்ளைகள் இருக்கும் இடங்கள் என்று அலைந்தார். கடையைக் கடக்கும்போது வாசலில் நின்று, "இன்னும் கிடைக்கல்ல தங்கச்சி" என்பார். அந்தக் குரல் கேட்டால் மாமா உள்ளே போய்விடுவார். தப்பிய பிள்ளைகளை வடக்கே கொண்டுபோனதாக யாரோ கதைகட்டியிருந்தார்கள். நாலு வருசத்துக்குப் பிறகு யுத்தம் முடிந்த அன்று பஸாரில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள். தமிழ்ச் சனங்களின் தெருக்களில் நாய் குரைக்கும் சத்தம் மட்டுந்தான். மாமா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டுக் குந்தியிருந்தார். புஷ்பம் அக்கா கலாவின் படத்தையும் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போய், வடக்குச் சனங்களை அடைத்திருந்த முகாம்களின் முள்ளுக்கம்பி வேலிகளின் ஓரமாக முகம் முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சில மாதம் கழித்து ரதியோடு வந்தார். ரதிக்கு அப்போது கலாவின் வயது, அதே நெற்றி. சின்னவளுக்குத் தோடு வேண்டுமாம். நான் வெள்ளித் தட்டை மட்டும் எடுத்து வைத்தேன்.

"மற்றதையும் எடுங்க" என்றார்.

இரண்டையும் வைத்தேன். ரதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எது அக்கா கறுக்காது?" என்று என்னிடம் கேட்டாள்.

மாமா கதிரையில் நிமிர்ந்தார். நான் அவரைப் பார்த்தேன். பதில் புஷ்பம் அக்காவிடமிருந்து வந்தது.

"ரெண்டும் கறுக்கும் மகள். வெள்ளி திருநூறு போட்டுத் தேய்ச்சாத் திரும்பி வரும். மற்றது வராது."

சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"முதலாளி, எனக்கு ஒங்களோட கோவமில்ல. அண்டைக்கு நீங்க ஓம் எண்டிருந்தா நான் அப்படியே கடலுக்குள்ள எறங்கியிருப்பன். இவளுக்குத் தாயில்லாமப் போயிருக்கும். இனித் தேடுறல்ல. வாற கிழமை கலாவுக்குச் செய்ய வேண்டியதச் செய்யப்போறம்."

மாமா எழுந்து வந்தார். ரதி எடுத்த வெள்ளித் தோட்டைத் தானே பஞ்சில் வைத்துச் சுற்றினார். சுற்றி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மாமா இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். புஷ்பம் அக்காவின் ஊரையே எழுப்பி உள்பக்கம் குடியேற்றினார்கள். ஒருமுறை தேடிப்போனேன், எல்லாம் ஒரே மாதிரி வீடுகள், அவரை அறிந்தவர்கள் அகப்படவில்லை. திரும்பும்போது கடற்கரைக்குப் போனேன். அவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் காற்று வாங்க வந்தவர்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். படம் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெட்டையிடம், "இஞ்ச ஒரு தெரு இரிந்தே மகள், எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"தெருவா? இஞ்ச எப்பவும் மணல்தானே சாச்சி" என்றாள்.