முதல் செம்பு

எங்கள் ஊர் ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலில் வழியும் நாளில், அந்தத் தண்ணீரை மஞ்சள் கட்டிய செம்பில் பிடித்து, ஊரில் பெரியவராகப் பார்த்துக் கொடுப்பார்கள். அவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அதுவரை செம்பைத் தரையில் வைக்கக் கூடாது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்து வயல்கள் குறைந்தும், இந்த மரியாதை குறையவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த வருஷம் கலங்கலில் தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாக நுரையும் வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அள்ளி முகத்தில் தாடி வைத்துக்கொண்டு ஆடினோம். மறுநாள் காலையில் என் கன்னமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஏரிக்கு மேலே இருந்த கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த வேலையில்தான். கழிவுக் குழாய் ஏரியில் விடப்பட்டிருப்பதைச் சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். என் கன்னத்தைப் பார்த்தவள் பட்டுப்புடவை கட்டினாள், அந்த நுரைத் தண்ணீரைப் பிடித்த செம்பை ஏந்தினாள், என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனாள்.

ஷிப்ட் மாறும் நேரம். பஸ்ஸில் வந்தவர்கள் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேனேஜர் சிரித்த முகமாக வந்து செம்பை வாங்கிக்கொண்டார்.

“மொத செம்பு பெரியவங்களுக்குத்தான் சார். இப்ப இந்த ஊருக்கு உங்கள விடப் பெரியவங்க யாரு கீறாங்க? ஒரு வாய் குடிங்க” என்றாள் அத்தை.

அவர் செம்புக்குள் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “என்னம்மா இது, இத எப்படிக் குடிக்கிறது?” என்று செம்பைக் கீழே வைக்கக் குனிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “கீழ வெக்கக் கூடாது சார், சாமி குத்தம்! நீங்க குடிச்சாதான் நாங்க குடிக்க முடியும்” என்று கத்தினேன்.

குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், அத்தனை பேர் முன்னால் அவர் செம்போடு நின்றார். பெரிய மனிதருக்கே மரியாதை சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று வாசலில் கூடிய கூட்டம் சும்மா கலையவில்லை. சில நாளில் அதிகாரிகள் வந்து குழாயை அடைத்தார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் தெளிந்து வழிந்தபோது, முதல் செம்பை ஊர் என் அத்தை கையில் கொடுத்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் அந்த வாசலுக்குப் போய்வந்த மறுநாளே, கம்பெனி பஸ் எங்கள் தெருவில் நிற்காமல் போனது. அத்தை நாளெல்லாம் வீட்டிலிருந்தாள். எனக்கோ ஒரே சந்தோஷம். “எங்க அத்தைய மெச்சிக்கினு கம்பெனியே லீவு குடுத்துகீது” என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதை வீட்டில் வந்து சொன்னபோது, என் சடையைப் பின்னிக்கொண்டே அத்தை, ஆமாம் என்றாள்.