ரெட்டைத்தலை ஒயர்

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சள் ஒயர் தொங்குகிறது. ஒரு முனையில் பிளக். மறுமுனையிலும் ஒரு காலத்தில் அதே மாதிரி பிளக் இருந்தது. இப்போது வெட்டுப்பட்ட செம்புதான் தெரிகிறது. வெள்ளையடிக்கும்போதெல்லாம் தூக்கிப் போட நினைப்பேன். அலுப்பில் விட்டுவிட்டேன் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். அது உண்மையில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விட்டவர் என் அண்ணி. கரண்ட் போனால் போதும், மாடியிலிருந்து ஆள் மாற்றி ஆள் இறங்கி வந்து அவர் உயிரை வாங்குவார்கள். அதற்காகவே ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கித் தோட்டத்தில் வைத்தார். இந்த ஒயரின் ஒரு தலையை ஜெனரேட்டரிலும் இன்னொரு தலையை ஹால் சுவரிலும் செருகினால் வீடு முழுக்க ஃபேன் சுற்றும். மெயின் சுவிட்சை மட்டும் முதலில் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் கரண்ட் தெருக்கம்பிக்குப் போய்விடும். அண்ணிக்கு அது தெரியும். ஒருநாளும் மறந்ததில்லை.

பேய்மழைக்கு மறுநாள் காலை, தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் ஒயரும் கம்பத்தில் அறுந்து கிடந்தது. லைன்மேன் வந்தார்.

"ஜெனரேட்டர் ஓடுதேம்மா, மெயினு ஆஃபுங்களா?"

"ஆஃப் பண்ணிட்டேங்க. நீங்க ஏறுங்க."

உள்ளே அழைத்துப்போய்க் காட்டவும் செய்தார். அவர் ஏறிக் கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டில் டியூப்லைட் எரிந்தது. அவர்கள் புதிதாக இன்வெர்ட்டர் வாங்கியது எங்களுக்குத் தெரியாது. "அப்பாடா, கரண்ட் வந்துடுச்சு" என்று அண்ணி உள்ளே போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினைத் தூக்கிவிட்டார். கரண்ட் வந்தால் கை தானாக அங்கேதானே போகும். வாசலில் நின்ற நான் லைன்மேன் விழுந்ததைப் பார்த்தேன். அதை விவரித்து எழுத இன்றைக்கும் எனக்குத் தெம்பில்லை.

உயிர் பிழைத்தார், வலது கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணி அழுதுகொண்டு நின்றபோது, "நீங்க பொய் சொல்லலீங்களே. நான் ஏறுறப்ப ஆஃப்லதானே இருந்துச்சு" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அண்ணி தாங்கியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் ஒயரின் ஒரு தலையை வெட்டி, ஆணியில் மாட்டினார். அந்த வாரமே எலக்ட்ரீஷியனை அழைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டார். கைப்பிடி மேலே இருந்தால் தெருக்கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றோடொன்று கலக்க வழியே இல்லை. ஆனால் அதன்பிறகு 'ஏறுங்க' என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. மாடி அறையைக் காட்டும்போதுகூட "மேல போங்க" என்றுதான் சொல்வார்.

அண்ணி காலமான பிறகு அறைகள் என் தலையில் விழுந்தன. எனக்கும் வயதாகிவிட்டது, கரண்ட் போனாலே, ஜெனரேட்டர் போடத் தோட்டத்துக்கு நடக்க வேண்டுமே என்று கால் வலிக்கத் தொடங்குகிறது. போன வாரம் மழையில் கம்பத்தில் மறுபடியும் கோளாறு. புது லைன்மேன் வாசலில் நின்று, "ஏறட்டுங்களா சார்?" என்றார். சேஞ்ச் ஓவர் இருக்கிறது, பயமில்லை. இருந்தும் ஜெனரேட்டரையே நிறுத்தினேன். மாடியிலிருந்து சத்தம் போட்டார்கள். போடட்டும். அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன். மொட்டை ஒயருக்குப் பக்கத்தில், யார் கையும் சுவிட்சுக்குப் போகாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு, "இறங்கிட்டேன் சார்" என்ற குரல் கேட்கும்வரை நின்றேன்.