மச்சான் தந்த விருந்து

அன்றைக்கு மேசையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் மனைவி, எங்கள் மகள், மகளைக் கட்டப்போகிற பொடியன், அவருடைய தாய், தகப்பன், பிறகு என் மனைவியின் தமையன். மற்றவர்களை நான் சொல்லி அழைத்தேன். ஏழாவது ஆள் கேள்விப்பட்டுத் தானாக வந்தவர்.

சம்பந்தி வீட்டாருக்கு நான் கொடுக்கும் முதல் சாப்பாடு அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஹனோவரில் ஒரு பாண் தொழிற்சாலையில் இத்தனை வருடமாக மா மூட்டை தூக்குகிறவன் நான். பொடியனின் தகப்பன் பொறியியலாளர். அவர் முன்னால் பெண்ணின் தகப்பனாக நிமிர்ந்து இருக்க எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மேசைதான். அவர்கள் மாடு தொடமாட்டார்கள். அந்தப் பயத்தில் முதல் நாளே, விருந்துக்குப் பார்த்துவைத்த துருக்கிச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், எந்த இறைச்சியில் மாடு கலந்திருக்கும் என்று பரிமாறுகிறவரிடம் இரண்டு தரம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கார்ட் எடுப்பதில்லை, காசு மட்டும்தான் என்றும் சொன்னார். வங்கியில் முந்நூறு யூரோ எடுத்து உறையில் வைத்து, புறப்படுமுன் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பலூன் போல ஊதிய ரொட்டி வந்தது. சம்பந்தி அம்மா விரலால் குத்த, ஆவி பறந்தது, அவர் சிரித்தார். பருப்புச் சூப், கரி நெருப்பில் வாட்டிய ஆட்டிறைச்சி, தயிர். எனக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது.

அப்போதுதான் மச்சான் கை கழுவப் போவதாகச் சொல்லி எழும்பினார். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். கை கழுவுகிற சாட்டில் போய், மற்றவர் அறியாமல் காசைக் கட்டிவிட்டு வருவது. யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் பெயர். நான் பின்னால் ஓடியிருக்கவேண்டும். சம்பந்தி பார்க்க இரண்டு பேரும் காசுக்கு இழுபறிப்படுவதா என்று பயந்து இருந்துவிட்டேன்.

திரும்பி வந்து, “எல்லாம் முடிஞ்சுது. ஆறுதலாத் தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றார்.

சம்பந்தி பதறி, நீங்கள் ஏன் அண்ணை என்று கேட்க, “என்ரை மருமகளுக்குச் செய்யாமல் வேற ஆருக்குச் செய்யிறது?” என்று மார்பை நிமிர்த்தினார். என் உறை சட்டைப்பைக்குள்ளேயே கிடந்தது.

மற்றவர்கள் வெளியே போனதும், பரிமாறியவர் பில்லோடு வந்து என்னை வாசலில் மறித்தார். காசை என்னிடம் வாங்கிக்கொள்ளும்படி மச்சான் சொன்னாராம். பின்னாலேயே நின்ற மச்சான் என் காதோடு சொன்னார்.

“கார்ட் எடுக்கிறாங்களில்லை. நீர் இப்ப குடும், வீட்டை போய் அனுப்பிவிடுறன். அவையளுக்கு முன்னால மூச்சு விடாதையும்.”

கொடுத்தேன். வெளியே வந்தால், சம்பந்தி மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “உங்களுக்கு வாய்ச்ச மச்சான் தங்கம்” என்றார். நான் ஓம் என்றேன். அந்த ஓமை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஐந்து மாதம் போய்விட்டது. கல்யாணப் பதிவுக்குப் போன இடத்திலும் சம்பந்தி அம்மா அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லி மச்சானைத்தான் புகழ்ந்தார். காசு வரவில்லை என்று மூன்று தரம் மச்சானுக்கு போன் எடுத்தேன். கடைசித் தரம் சிரித்தார்.

“சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு? எட்டாம் வகுப்போட விட்டாலும் கூட்டல் கழித்தல் உமக்கு மறக்கேல்லை.”

ஓம், மறக்கவில்லை. அந்த விருந்து என்னுடையது. இதைச் சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு ஏலாது, சொன்னால் தலைகுனிவு என் பிள்ளைக்கு. போன பெயரை இனி யாரிடமும் கேட்க முடியாது. காசைக் கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருப்பேன். நான் வைத்த டிப்ஸைச் சேர்க்காமல், மச்சான் எனக்குத் தரவேண்டியது இருநூற்றுப் பதினெட்டு யூரோ ஐம்பது சென்ட்.