அப்பா அடிச்சாங்க

பாப்பா அதை முதல் தடவை சொன்னபோது நான் அவளுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து, பக்கத்து வீட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு, குழாயடியில் நிற்கவைத்திருந்தேன். மாலை ஆறரை இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. தானாகவே சொன்னாள்.

"அப்பா அடிச்சாங்க."

மூன்றரை வயது அவளுக்கு. சொல்லிவிட்டு ஈரத் தரையில் குதிக்க ஆரம்பித்தாள். நான் குழாயை மூடினேன்.

"இன்னாடி சொன்ன?"

"அப்பா அடிச்சாங்க. நெறைய."

"எதால அடிச்சாங்க?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசலுக்கு ஓடி, அங்கே கிடந்த என் பழைய ஷூவைத் தொட்டுக் காட்டினாள். "ஷூ அடிச்சாங்க."

எங்கள் ஊரில் பாதிப் பேர் ஷூ தைத்துத்தான் சாப்பிடுகிறோம். அதற்காகக் காலில் போடுகிற ஒன்றால் அடி வாங்குகிற அவமானம் எங்களுக்குக் குறைந்துவிடாது. பெரியவர்களுக்குள் அப்படி ஒரு பேச்சு வந்தாலே போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். பால் மணம் மாறாத பிள்ளையை ஷூவால் அடிப்பார்களா? அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கிரீம் பிஸ்கட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

அப்போது நாங்கள் பிள்ளையைப் பங்கு போட்டுத்தான் வளர்த்துக்கொண்டிருந்தோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். காலை ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும். என் கணவருக்குத் தோல் பதனிடும் இடத்தில் மதிய ஷிஃப்ட். ஒரு மணி வரை அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். சோறு ஊட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார். அந்த அக்கா உருது பேசுகிறவர். வீட்டில் உட்கார்ந்தே ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைத்துக் கொடுப்பவர். அந்த மாதம் அவருடைய தங்கையும் பிரசவத்துக்காக வாணியம்பாடியிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்தாள். ஆக, காலை ஏழே முக்காலிலிருந்து ஒரு மணி வரை என் வீட்டுக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாப்பா அதைச் சொன்ன செவ்வாய்க்கிழமை வரை அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

என் வேலையே சந்தேகப்படுவதுதான். பெட்டிக்குள் போகும் முன்பு ஒவ்வொரு ஜோடியையும் எடுத்துத் தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறம்தானா என்று பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் அந்த இடத்தில் சின்னதாய்ச் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எட்டு வருடமாக இதுதான். கோளாறே இல்லாத ஜோடி கைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம் வராது, எதையோ கோட்டை விட்டுவிட்டேன் என்றுதான் தோன்றும். "என்னையும் டியூப்லைட் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டுதான் கட்டிக்கினியா?" என்று கேலி செய்வார் என் கணவர். பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். அப்போது கோளாறு எதுவும் தெரியவில்லை.

இப்போது தெரிய ஆரம்பித்தது. அவர் வளர்ந்தது நாட்றம்பள்ளி பக்கம். அவருடைய அப்பாவுக்குக் கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதுதான் ஆயுதம். முதுகில் இருக்கும் தழும்பைக் கல்யாணமான புதிதில் எனக்குக் காட்டியிருக்கிறார். "எனக்குன்னு ஒரு கொழந்த பொறந்தா அது மேல ஒரு வெரல் படாது" என்று சொன்னார். அதைக் கேட்டு அன்றைக்கு நான் அழுதேன். இப்போது அதே கதையை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு அடி வாங்கிய கை என்றைக்காவது ஓங்காமல் இருக்குமா?

அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், நாளையிலிருந்து உஷாராகிவிடுவார். முதலில் பிடிக்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாளிலிருந்து பாப்பாவைக் குளிப்பாட்டும்போது உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேடினேன். முதுகில் சிவப்பாக ஏதோ இருந்தது. வேர்க்குருவாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பதினொரு மணி டீ நேரத்தில் வீட்டுக்கு போன் போட்டேன். பின்னால் பாப்பா வீறிட்டு அழுவது கேட்டது.

"ஏங்க, ஏன் அழுவறா?"

"சோறு ஊட்றேன். வாய தொறக்காம ஒரே பேஜார் பண்றா. வைய்யி, அப்புறம் பேசறேன்."

ஏன் இவ்வளவு அவசரமாக வைத்தார்? பதினொரு மணிக்கு யார் சோறு ஊட்டுவார்கள்? அன்றைக்கு என் கையைத் தாண்டிப் போன ஜோடிகளில் எத்தனை கோணல் தையல் போனதோ, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "காலைல எங்க வூட்ல ஏதாவது சத்தம் கேக்குதா அக்கா?"

"இன்னா சத்தம்? டிவி சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பிறகு, "ஏன்மா, எங்க வூட்டு சத்தம் உனுக்குத் தொந்தரவா இருக்குதா?" என்று கேட்டார். நான் ஒன்று கேட்டால் இவர் ஏன் வேறொன்று சொல்கிறார்? இவருக்கும் ஏதோ தெரியும், மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மீதி இருந்த ஒரே சாட்சி பாப்பாதான். தினமும் கால் கழுவும்போது, அவள் சொன்ன மாதிரியே கேட்டேன். "இன்னைக்கு அப்பா அடிச்சாங்களா?" ஆமாம் என்று சொன்னால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன், பிஸ்கட் கொடுப்பேன். இல்லை என்றால் நம்பமாட்டேன், மறுபடி கேட்பேன். இரண்டாம் தடவை கேட்கும்போது பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொன்னாள். "அப்பா கோவமா இருந்தா கிட்ட போவாத, தள்ளி நின்னுக்கோ" என்று சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினாள். விவரமான பிள்ளை என்று பெருமைகூடப் பட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு எடுத்துவிட்டேன். திருப்பத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. ஞாயிறன்று அவர் கறி வாங்கப் போகும் நேரத்தில் பஸ் ஏறிவிட வேண்டும். பாப்பாவின் நாலு கவுனையும் தடுப்பூசி அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஏழு வருடக் குடித்தனத்தை முடிக்க ஒரு கட்டைப்பை போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் கம்பெனியில் அடித்தோல் வந்து சேரவில்லை. லைன் நின்றுவிட்டது, எங்களை அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கே தெருவுக்குள் நுழைந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. கூப்பிடாமல் எட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்க்க எனக்கு நன்றாகவே பழகியிருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து, தைத்து முடித்த ஒரு ஷூத் துண்டைக் கல் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். எதிரில் பாப்பா, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து, டீ போட்டுவிட்டுக் கூப்பிடும் தங்கையின் குரல் வந்தது. "ஆபா! சாய்!"

பாப்பா என்னைப் பார்த்துவிட்டாள். சுத்தியைக் காட்டிச் சந்தோஷமாகக் கத்தினாள்.

"அம்மா, ஆப்பா அடிக்கிறாங்க! ஷூ அடிக்கிறாங்க!"

ஆபா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. தங்கைக்காரி நாள் முழுக்க ஆபா, ஆபா என்று கூப்பிட, இவளும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எதையும் இழுத்தும் குழைத்தும் பேசுகிற பிள்ளை. ஆப்பா என்று அவள் சொன்னது என் காதில் அப்பா என்றுதான் விழுந்திருக்கிறது.

"புது மாடல்மா" என்றார் அக்கா. "தையல் படியற மாதிரி அடிச்சிக் குடுக்கணுமாம். ரெண்டு வாரமா இதே சத்தம்தான். அன்னைக்கு நீ கேட்டியே, அதான் உனுக்குத் தொந்தரவோன்னு நெனச்சேன்."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. என் மகள் அவள் அப்பாவை ஒருநாளும் 'ங்க' போட்டுச் சொன்னதில்லை. அப்பா வந்துச்சு, அப்பா குளிச்சிச்சு, அப்பா தூங்குது. எங்கள் வீட்டில் பிள்ளை பேசுவது அப்படித்தான். மரியாதையெல்லாம் வெளி ஆட்களுக்குத்தான். 'அடிச்சாங்க' என்று அவள் சொன்ன முதல் நாளே, அது வீட்டு ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலிழை பிசகினாலே கண்டுபிடிக்கிறவள், பிள்ளை வாயிலிருந்து தெளிவாக வந்த ஒரு சொல்லைக் கோட்டை விட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துக் கவுன்களை அலமாரியில் அடுக்கினேன். யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிட்டது என்று நினைத்து, பெரிய நிம்மதியோடு சாமிக்கு விளக்கேற்றினேன். அவரிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி ஆறவைத்து, பாப்பாவுக்கு நீட்டினார்.

"வா கண்ணு, ஆ காட்டு."

பாப்பா இரண்டடி பின்னால் போனாள். சுவரோடு ஒட்டி நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த தூரம்தான்.

"இன்னாடி தள்ளிப் போற?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா அடிச்சிச்சு."

இந்தத் தடவை 'ங்க' இல்லை. அவர் முதலில் சிரித்தார். "யாரு, நானா? எப்போடி அடிச்சேன்?" என்றார். பாப்பா, நான் தூக்கிக்கொள்வேன் என்று என்னைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினாள். பிஸ்கட் டப்பா பக்கம் ஒரு பார்வை போய் வந்தது.

அவர் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆபாவை, சுத்தியை, போனில் இருந்த படத்தை, தினமும் கேட்ட கேள்வியை. கட்டிலுக்கு அடியில் வைத்த பையை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, அதையும் சொன்னேன். நான் முடித்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னைய எங்க அப்பா மாதிரி நெனச்சிட்டியா?"

"ஆமா" என்றேன்.

கையில் இருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"நீயே ஊட்டு" என்று தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.