தேவசகாயம் சரி போட்ட பக்கம்

தேவசகாயம் இறந்துவிட்டார் என்ற தந்தி கல்லூரிக்கு வந்தபோது நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பை முடித்துவிட்டுத்தான் அவர் ஊரான நாசரேத்துக்கு பஸ் ஏறினேன். அவரோடு பணியாற்றிய நீங்கள் இதை வாசித்தால் கோபப்படுவீர்கள். படுங்கள்.

இருவரும் ஒரே ஆண்டில்தான் இயற்பியல் துறையில் சேர்ந்தோம். நட்சத்திரங்கள் மோதினால் ஈர்ப்பலை கிளம்பும் என்கிறார்கள். கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் உலோகம் மீக்கடத்தி. அந்த அலை இந்த உலோகத்தின் வழியே போனால் மின்னோட்டம் பிறக்குமா என்பது என் கேள்வி. சோதித்துப் பார்க்க, அந்தக் குளிரைத் தரும் திரவ ஹீலியத்துக்கு எங்கே போவது? "மீனுக்குப் போடுத ஐஸ வச்சு ஒண்ணும் நடக்காது வே. நமக்குக் காயிதம்தான்" என்பார் தேவசகாயம். மிச்சமான பரீட்சைத் தாள்களில் நான் கணக்குப் போடுவேன். அவர் சிவப்பு மையில் சரிபார்ப்பார். அவர் 'சரி' போடாத பக்கம் வெளியே போகக்கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. சனிக்கிழமைகளில் துறைமுகச் சாலையில் நடந்துகொண்டே சண்டை போடுவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு யாரோடும் இருந்ததில்லை.

மின்னோட்டம் பிறக்கும் என்றது என் கணக்கு. கடைசிப் பக்கத்துக்கும் சரி போட்டார். கட்டுரை என் பெயரில் இருந்தது. சரிபார்த்ததற்காக அவருக்கு அடியில் ஒரு வரி நன்றி. சென்னைக் கருத்தரங்கில் வாசித்து முடித்ததும், என்னோடு வந்திருந்த தேவசகாயம் பின்வரிசையில் எழுந்தார். நான் எலெக்ட்ரான்களை மட்டும் அசையவிட்டு உலோகத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறேனாம். அலை இரண்டையும் சேர்த்தே அசைக்குமாம்; அப்போது மின்னோட்டம் பிறக்காதாம். "தோணி ஆடினா உள்ள இருக்குத சரக்கும் சேந்துதானே ஆடும்?" என்று தமிழிலேயே கேட்டார். சபை சிரித்தது. அவர் கையில் மூன்று பரீட்சைத் தாள்கள், நிறையக் கணக்கு.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "ஏன் வே, ஊர்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"அங்கன இருக்கும்போதுதான் தோணிச்சு."

"மூணு தாளுமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோவில்பட்டி தாண்டிய பிறகு, "எத்தன நாளைக்கி வே நான் உமக்குச் சரி போட்டுக்கிட்டே இருக்க?" என்றார்.

திருத்திய கணக்கு அடுத்த ஆண்டு அவர் பெயரில் அச்சானது. அதில் எனக்கு ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு எதிரெதிர் மேஜைகளில் உட்கார்ந்து டைம்டேபிளைப் பற்றி மட்டும் பேசினோம்.

நாசரேத்தில் சவப்பெட்டியின் அருகே அவர் மனைவி என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, ஒங்களப் பத்தித்தான் கடைசி வரைக்கும் பேசுனாவ" என்றார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் காட்டியது உண்மையான பிழை. அதில் எனக்கு வழக்கில்லை. கணக்கு முடிந்ததும் எதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்று தேடும் பழக்கம் அவரால்தான் வந்தது. பிழை அகப்பட்டால் நானே திருத்திக்கொள்கிறேன். இன்னொருவரிடம் காட்டத்தான் மனம் வரவில்லை, தேவசகாயம்.